மெயின் ஸ்டோரி எவ்வளவு நேரம், டிஎல்சியை எப்போது தொடங்குவது? ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜிக்குப் புதியவர்களுக்கு

பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றி, ஒரு பாத்திரமாக ஆடும் ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜி பக்கம் புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். கதை எத்தனை மணி நேரம் ஓடும்? டிஎல்சியையும், அதாவது கேமோடு பிறகு இறக்கிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதியையும், சேர்த்தே வாங்கிவிடலாமா? இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. டிஎல்சியின் கதை மெயின் ஸ்டோரியோடு எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று தெரிந்தால்தான் மணிக்கணக்குக்கே அர்த்தம் வரும். அது தெரியாமல் தொடங்கி, அருமையான கேமைத் தப்பான வரிசையில் ஆடி, பாதியில் சலித்துப்போய் விட்டுவிட்டவர்கள் நிறைய பேர். இங்கே கதை எதையும் உடைக்கவில்லை. குவெஸ்டுகளின் (கேமில் கொடுக்கப்படும் வேலைகளின்) பெயர்களும் ஊர்ப் பெயர்களும் சில வில்லன்களின் பெயர்களும் வரும், அவ்வளவுதான்.

முதல் படி: மணிக்கணக்கைச் சரியாகப் படியுங்கள்

ஹௌ லாங் டு பீட் என்று ஒரு தளம் இருக்கிறது. எந்த கேமின் பெயரைப் போட்டாலும், ஆடியவர்கள் தாங்களே பதிந்த நேரத்தை வைத்து மூன்று எண்களைக் காட்டும். முதல் எண் மெயின் ஸ்டோரிக்கு மட்டும். இரண்டாவது, கதையோடு சைடு குவெஸ்டுகளையும் ஓரளவு சேர்த்து. மூன்றாவது, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் முடிக்க. விட்சர் 3க்கு இவை ஏறத்தாழ 50, 100, 170 மணி நேரம். எல்டன் ரிங்குக்கு மெயின் ஸ்டோரியே கிட்டத்தட்ட 60 மணி நேரம். சைபர்பங்க் 2077 இவற்றில் சின்னது, மெயின் ஸ்டோரி 25 மணி நேரத்தில் முடிந்துவிடும். சைடு குவெஸ்டுகளோடு ஆடினால் 60ஐத் தாண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது நடு எண். ஓப்பன் வேர்ல்டில் யாரும் நேராக ஒரே பாதையில் போவதில்லை, போகவும் கூடாது. சைபர்பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், பனாம் என்ற பாத்திரத்தின் குவெஸ்டுகள் கணக்கில் சைடு குவெஸ்டுகள்தான், ஆனால் அவற்றை முடித்தவர்களுக்குத்தான் கடைசியில் ஒரு முக்கியமான எண்டிங்குக்கான வழி திறக்கும். அவற்றைத் தாண்டிக் குதித்து 25 மணி நேரத்தில் முடித்தவர் அந்த கேமின் நல்ல பாதியைப் பார்க்கவே இல்லை. விட்சர் 3இலும் அப்படித்தான், மெயின் குவெஸ்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் லெவல் போதாமல் ஓரிடத்தில் திணறுவீர்கள்.

அப்புறம் அந்த எண்ணை உங்கள் வாரத்தால் வகுத்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர் வாரம் ஆறு மணி நேரம் ஆடினால் விட்சர் 3இன் நடு எண்ணை எட்ட நான்கு மாதம் ஆகும். இரண்டு டிஎல்சிகளும் சேர்ந்தால் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். முதல் நாளே அனைத்தையும் மொத்தமாக வாங்க வேண்டுமா என்பதற்கு இந்தக் கணக்கே பாதி பதில் சொல்லிவிடும்.

இரண்டாவது படி: எந்த மாதிரி டிஎல்சி என்று பாருங்கள்

ஒரே கேமிலிருந்து இரண்டு உதாரணம். 2006இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியனுக்கு பெதெஸ்டா ஒரு குதிரைக் கவசத்தை 2.50 டாலருக்கு விற்றது. குதிரைக்கு ஒரு புதுச் சட்டை, வேறொன்றும் இல்லை. அடுத்த வருடம் அதே கேமுக்கு ஷிவரிங் ஐல்ஸ் வந்தது: தனி நிலப்பரப்பு, தனிக் கதை, புது எதிரிகள், புது மனிதர்கள். கடைப் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே பெயர்தான், டிஎல்சி. இன்றைக்கும் நிலைமை அதே.

அதனால் வாங்கும் முன் விவரத்தைப் படித்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: புது மேப் அல்லது புதுப் பகுதி உண்டா, புதுக் கதை உண்டா, எத்தனை மணி நேரம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா. மூன்றுக்கும் பதில் இருந்தால் அது உண்மையான எக்ஸ்பான்ஷன். உடை, ஆயுதத்தின் நிறம், சீக்கிரம் லெவல் ஏற்றும் பூஸ்டர் என்று மட்டும் இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள், கதையில் ஒன்றும் குறையாது. இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் யோசிக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். விட்சர் 3க்கு 16 இலவச டிஎல்சிகள் வந்தன, உடைகளோடு சில சின்ன குவெஸ்டுகளும் அவற்றில் உண்டு.

சீசன் பாஸ் என்பது இனி வரப்போகிறவற்றுக்கும் இப்போதே பணம் கட்டுவது. புதியவர்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. எல்லாம் வெளிவந்து, ஆடியவர்கள் நாலு வார்த்தை சொன்ன பிறகு வாங்கினால் விலையும் குறைந்திருக்கும்.

மூன்றாவது படி: ஒட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியம். சில எக்ஸ்பான்ஷன்கள் கதை முடிந்த பிறகுதான் ஆட வேண்டியவை, சில கதையின் நடுவே நுழைபவை, சில ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் பூட்டியிருப்பவை. ஒவ்வொன்றுக்கும் நன்றாகத் தெரிந்த கேம் ஒன்றைச் சொல்கிறேன்.

விட்சர் 3 மே 2015இல் வந்தது, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்தது. அதே வருடம் அக்டோபரில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், 2016 மே மாதக் கடைசியில் பிளட் அண்ட் வைன். முதலாவது சுமார் 10 மணி நேரம், இரண்டாவது சுமார் 20 மணி நேரம் என்று நிறுவனமே சொன்னது. சைடு வேலைகளையும் பார்த்தால் இரண்டுமே கூடத்தான் ஆகும். இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் உள்ளடங்கிய கம்ப்ளீட் எடிஷன்தான் கிடைக்கிறது. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

எப்படி என்று பாருங்கள். ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற சின்ன ஊரில் தொடக்கப் பகுதியை முடித்துவிட்டு வெலன் என்ற பெரிய பகுதிக்கு வருகிறீர்கள். லெவல் நான்கோ ஐந்தோ இருக்கும். குவெஸ்ட் பட்டியலைத் திறந்தால், செய்ய வேண்டிய மெயின் குவெஸ்டுக்குப் பக்கத்திலேயே ஈவில்ஸ் ஃபர்ஸ்ட் டச்சஸ் என்று ஒன்று, என்வாய்ஸ், வைன்பாய்ஸ் என்று இன்னொன்று. பரிந்துரைக்கும் லெவல் என்ற இடத்தில் 32, 34 என்று போட்டிருக்கும். முதலாவது ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனின் வாசல், இரண்டாவது பிளட் அண்ட் வைனின் வாசல். புதியவர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேப் காட்டும் வழியில் போய், தலைக்கு மேல் சிவப்பு மண்டையோடு தெரியும் எதிரியிடம் ஓரிரு அடியில் சாகிறார். மூன்று தடவை செத்த பிறகு “இந்த கேம் ரொம்பக் கஷ்டம்” என்று முடிவு கட்டிவிடுகிறார். கேமில் ஒரு குறையும் இல்லை, அவர் ஐம்பது மணி நேரம் முன்னால் வந்துவிட்டார். பட்டியலில் அந்த இரண்டு பெயர்களையும் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அவை எங்கேயும் போகாது.

நான் சொல்லும் வரிசை: மெயின் ஸ்டோரி, அப்புறம் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், கடைசியில் பிளட் அண்ட் வைன். மெயின் ஸ்டோரி முடிந்தாலும் இந்த கேம் உங்களை அந்த உலகத்திலேயே விட்டுவிடும், அதனால் எதையும் இழக்க மாட்டீர்கள். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் பழைய மேப்பின் வடகிழக்கு ஓரத்திலேயே நடக்கிறது, கதை இறுக்கமானது, எனக்கு மெயின் ஸ்டோரியைவிட அதன் வில்லன்தான் அதிகம் மனதில் நின்றான். ஆனால் தொடக்கத்திலேயே ஆக்ஸன்ஃபர்ட் நகரத்துச் சாக்கடைக்குள் ஒரு பெரிய தேரையோடு சண்டை வரும், பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் அடி பெரும்பாலும் விஷம். இறங்கும் முன் கோல்டன் ஓரியோல் என்ற மருந்தைத் தயாரித்து வைத்துக்கொண்டு குடியுங்கள், விஷம் ஏறாது, சண்டை பாதியாகக் குறைந்துவிடும். இன்னொன்று, இந்த டிஎல்சியில் ஆயுதங்களில் ரூன் வார்த்தைகள் பொறித்துத் தரும் ஒருவர் வருவார். அவருடைய பட்டறையை முழுதாகத் திறக்க மொத்தம் 30,000 கிரவுன் (கேமுக்குள் இருக்கும் காசு) வேண்டும். மெயின் ஸ்டோரியின்போதே கண்டதையும் வாங்கிக் காசைக் கரைத்துவிடாமல் இருந்தால் நல்லது.

பிளட் அண்ட் வைனைக் கடைசிக்கு வைக்கச் சொல்வதற்குக் காரணம் லெவல் மட்டும் இல்லை. டூசான் என்ற வெயிலும் திராட்சைத் தோட்டமுமான புது நாட்டில் நடக்கிறது அது. நீங்கள் ஆடும் நாயகன் கெரால்ட்டுக்கு விடைகொடுக்கும் கதையாகவே அதை எழுதியிருக்கிறார்கள். முடிவில் வரும் ஒரு காட்சி, மெயின் ஸ்டோரியில் நீங்கள் எடுத்த முடிவுகளைப் பொறுத்து மாறும். முன்கூட்டியே ஆடியவர்களுக்கு அந்தக் காட்சியின் கனம் கிடைக்காது. அதிலுள்ள மியூட்டேஷன் என்ற கூடுதல் திறன் வசதி மெயின் ஸ்டோரியிலும் உதவும் என்று சொல்லிச் சிலர் முன்னாலேயே போகச் சொல்வார்கள். முதல் தடவை ஆடுகிறவர்கள் அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

மெயின் மெனுவில் நியூ கேம் போகும்போது ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் மட்டும், பிளட் அண்ட் வைன் மட்டும் என்று நேரே தொடங்கும் வழியும் இருக்கிறது. தயாரான லெவலோடும் ஆயுதங்களோடும் கெரால்ட் கிடைப்பார். மெயின் ஸ்டோரியைப் பல வருடங்களுக்கு முன்பே முடித்து, பழைய சேவ் இல்லாமல் இப்போது திரும்பி வருகிறவர்களுக்கு அது அருமையான வசதி. புதியவர்களுக்கு வேண்டாம்.

இப்போது நடுவில் நுழையும் வகை. சைபர்பங்க் 2077க்கு 2023 செப்டம்பரில் வந்த பேண்டம் லிபர்ட்டி இதற்கு நல்ல உதாரணம். இதை விட்சர் மாதிரி கடைசிக்கு வைத்தால் தப்பு. பசிஃபிகா பகுதியில் வூடூ பாய்ஸ் கும்பலோடு வரும் மெயின் குவெஸ்டுகளை முடித்ததும் ஒரு போன் வரும், டாக்டவுன் என்ற மதில் சூழ்ந்த பகுதிக்குக் கூப்பிடுவார்கள். அதுதான் வாசல். கதைப்படி உங்கள் பாத்திரத்துக்கு நாட்கள் குறைந்துகொண்டே வரும் நேரம் அது, டாக்டவுனில் கிடைக்கும் வாய்ப்பும் அந்தப் பிரச்சினையைப் பற்றியதே. அங்கே எடுக்கும் சில முடிவுகளால் மெயின் ஸ்டோரிக்கே ஒரு புது எண்டிங் திறக்கும். போன் வந்ததும் ஓட வேண்டியதில்லை, சைடு குவெஸ்டுகள் சிலவற்றை முடித்துவிட்டு நிதானமாகப் போகலாம், ஆனால் எம்பர்ஸ் என்ற இடத்தில் ஹனாகோவைச் சந்திக்கும் குவெஸ்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கதை கடைசிக் கட்டத்துக்குள் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: பேண்டம் லிபர்ட்டி பிஎஸ்4லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் வரவே இல்லை. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ், பிசி வைத்திருப்பவர்கள்தான் முதலில் ஆடினார்கள். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டின் பர்னிங் ஷோர்ஸும் இதே கதை, கேம் பிஎஸ்4இல் ஓடும், டிஎல்சி ஓடாது. அதிலும் மெயின் ஸ்டோரியை முடித்தால்தான் நுழையவே முடியும்.

கதவுக்குப் பின்னால் பூட்டிய வகைக்கு எல்டன் ரிங். 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீயை வாங்கி இன்ஸ்டால் செய்துவிட்டு, எங்கே என்று மேப் முழுக்கத் தேடியவர்கள் பலர். ஸ்டார்ஸ்கர்ஜ் ரடான், லார்ட் ஆஃப் பிளட் மோக் என்ற இரண்டு பாஸ்களையும் (பெரிய எதிரிகளையும்) வென்றிருந்தால்தான் உள்ளே போக முடியும். ரடான் எப்படியும் பலருடைய வழியில் வருவான். மோக் அப்படியில்லை, மெயின் ஸ்டோரியை முடிக்க அவன் தேவையே இல்லை, இருக்கும் இடமும் மறைவானது. தொடக்கத்திலேயே வரும் வெள்ளை முகமூடி வாரேயின் குவெஸ்ட் மூலமாகவோ, பனி மூடிய கான்ஸக்ரேட்டட் ஸ்னோஃபீல்டின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டெலிபோர்ட்டர் மூலமாகவோதான் அங்கே போக முடியும்.

உள்ளே போன பிறகு நூற்றைம்பது லெவல்காரர்களும் இரண்டு அடியில் விழுந்தார்கள். ஏனென்றால் அந்த நிலத்தில் உங்கள் பலத்தைப் பெரிதாகத் தீர்மானிப்பது லெவல் இல்லை, ஸ்கடுட்ரீ ஃப்ராக்மென்ட் என்ற துண்டுகள். மொத்தம் 50 துண்டுகள், அவற்றைச் சேர்த்து 20 படிவரை ஏற்றலாம், டிஎல்சி மேப்பில் மட்டும் வேலை செய்யும். வெளியான சில நாட்களிலேயே அப்டேட் ஒன்றில் தொடக்கப் படிகளின் பலத்தைக் கூட்டினார்கள், அவ்வளவு புலம்பல். ஆகவே பாஸ் ஒருவனிடம் திரும்பத் திரும்பத் தோற்றால் லெவல் ஏற்றப் பழைய மேப்புக்குத் திரும்பாதீர்கள், அங்கேயே நாலு பக்கமும் சுற்றித் துண்டுகளைத் தேடுங்கள்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. எல்டன் ரிங்கின் கடைசி பாஸை வென்றதும் அடுத்த பயணத்தைத் தொடங்கலாமா என்று கேட்கும். டிஎல்சியை ஆடும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆமாம் என்று அழுத்திவிட்டால் எதிரிகள் எல்லோரும் கூடுதல் பலத்தோடு வருவார்கள், ரடானையும் மோக்கையும் மறுபடி வென்றால்தான் டிஎல்சி கதவு திறக்கும்.

ஸ்கைரிமில் இந்தத் தொல்லை குறைவு. ஸ்பெஷல் எடிஷனில் மூன்று டிஎல்சிகளும் அடக்கம், அவற்றில் டிராகன்பார்ன் நடக்கும் பகுதிக்கு விண்ட்ஹெல்மில் கப்பல் ஏறினால் போய்விடலாம். டான்கார்ட் மட்டும் லெவல் பத்தை எட்டியதும் தானாகவே வந்து தட்டும்; அப்புறம் இரவில் வாம்பயர்கள் ஊருக்குள் புகுந்து கடைக்காரர்களையே கொல்வது நடக்கும், அதனால் அந்தக் கதையை ரொம்ப நாள் கிடப்பில் போடாதீர்கள்.

நான்காவது படி: திரும்ப முடியாத இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா கேமும் கதை முடிந்த பிறகு உலகத்தில் சுற்றவிடாது. 2008இல் ஃபால்அவுட் 3 வந்தபோது மெயின் ஸ்டோரியின் முடிவோடு கேமே முடிந்துவிடும். ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். 2009இல் வந்த ப்ரோக்கன் ஸ்டீல் டிஎல்சிதான் அந்த முடிவை மாற்றித் தொடர்ந்து ஆட விட்டது. 2010இன் ஃபால்அவுட்: நியூ வேகாஸுக்கு அந்த மாற்றம் கடைசிவரை வரவே இல்லை. அதன் நான்கு கதை டிஎல்சிகளையும் கதை முடியும் ஹூவர் அணைச் சண்டைக்கு முன்னாலேயே ஆடிவிட வேண்டும், அதிலும் லோன்சம் ரோடைக் கடைசியில்.

விட்சர் 3இல் ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ் என்ற குவெஸ்டுக்கு முன் எச்சரிக்கை வரும். அதைத் தாண்டினால் முடிக்காத சைடு குவெஸ்டுகள் பல தோல்வியில் போய்விடும், காதல் சம்பந்தப்பட்டவையும் சேர்த்து. சைபர்பங்க்கும் ஹனாகோ குவெஸ்டில் எச்சரிக்கும். இப்படி ஒரு எச்சரிக்கை திரையில் வந்தால் அவசரப்பட்டு ஆமாம் அழுத்தாமல், தனியாக ஒரு மேனுவல் சேவ் போடுங்கள். ஆட்டோ சேவை நம்ப வேண்டாம், நாலு கதவு தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதிவிடும்.

ஐந்தாவது படி: வாங்கும்போது

பிசியில் ஸ்டீம் என்றால் வேலை சுலபம். தள்ளுபடி வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும், பழைய கேம்களின் கம்ப்ளீட் எடிஷன் பல நேரம் தனி கேமைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். டிஎல்சி பிடிக்கவில்லை என்றால் வாங்கிய 14 நாட்களுக்குள், வாங்கிய பிறகு அந்த கேமை இரண்டு மணி நேரத்துக்குள்தான் ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டியது ரீஜன், அதாவது டிஸ்க் எந்த நாட்டுப் பகுதிக்காக வெளியிடப்பட்டது என்பது. டிஸ்க் எந்த ரீஜனோ, அதே ரீஜன் ஸ்டோரில் வாங்கிய டிஎல்சிதான் அதோடு சேரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த டிஸ்க், செகண்ட் ஹேண்ட் கடையில் மலிவாகக் கிடைத்த டிஸ்க் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும். டிஸ்க்கிலும் பெட்டியின் முதுகிலும் சியுஎஸ்ஏ அல்லது பிபிஎஸ்ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். அதை இணையத்தில் தேடினால் எந்த ரீஜன் என்று தெரிந்துவிடும், காசு கொடுக்கும் முன்பே தேடிப் பாருங்கள். கம்ப்ளீட், அல்டிமேட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் டிஎல்சி டிஸ்க்கில் இருக்கிறதா, கோடாகத் தாளில் இருக்கிறதா என்று கேளுங்கள். சைபர்பங்க் அல்டிமேட் எடிஷனின் பிஎஸ்5 பெட்டியில் பேண்டம் லிபர்ட்டி கோடாகத்தான் வந்தது, பழைய பெட்டியில் அந்த கோடை முன்னவர் எப்போதோ பயன்படுத்தியிருப்பார்.

சேவும் லைசென்சும் வேறு வேறு என்பதையும் மறக்காதீர்கள். 2022 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு விட்சர் 3இன் சேவை பிஎஸ்ஸிலிருந்து பிசிக்குக் கொண்டுபோக முடியும். டிஎல்சியை மட்டும் பிசியில் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

எதில் தொடங்குவது?

பிசியோ புது கன்சோலோ இருந்து, நேரம் குறைவு என்றால் சைபர்பங்க். மெயின் ஸ்டோரி சின்னது, டிஎல்சி நடுவிலேயே கலந்துவிடுவதால் எல்லாம் சேர்ந்து ஒரே கதையாக ஓடும், நாலு மாதம் கழித்து ஞாபகப்படுத்திக்கொண்டு திரும்பி வர வேண்டியதில்லை. பழைய பிஎஸ்4தான் வீட்டில் இருக்கிறது, அவசரமில்லை என்றால் விட்சர் 3 கம்ப்ளீட் எடிஷன். தள்ளுபடியில் வாங்கி, டிஃபிகல்ட்டியை இரண்டாவது நிலையில் வைத்து, வெலனில் அந்த 32ஐயும் 34ஐயும் கண்டுகொள்ளாமல் முதலில் பிளடி பேரன் என்ற பாத்திரத்தைப் பார்க்கப் போங்கள். எல்டன் ரிங்கை முதல் கேமாக நான் யாருக்கும் சொல்வதில்லை, இந்த இரண்டில் ஒன்றை முடித்த பிறகு வையுங்கள்.